படிக்கட்டுக்குப் பதில்

"படிக்கட்டு நம்மளக் கேள்வி கேக்குது, பெரியம்மா. உடம்பாலதான் பதில் சொல்லணும்."

"வாயால சொல்லிட்டு வீட்டுக்குப் போகக் கூடாதாடி?" என்றாள் ஆன்தோனெத்.

கொழுந்தனார் மகள் லேயா பாரீஸில் நடனம் அமைப்பவள். மேடை கிடையாது. கட்டடம், படிக்கட்டு, பெஞ்சு, எது எதிரில் நிற்கிறதோ அதற்கேற்ற ஆட்டம். இந்த முறை காரைக்கால் கடற்கரை நடைபாதை மாட்டிக்கொண்டது.

ஆன்தோனெத் இதற்கெல்லாம் தலையாட்டியது கணவர் எத்மோனின் முட்டிக்காக. 'தினமும் பயிற்சி செய்யலேன்னா சக்கர நாற்காலிதானாம்' என்று டாக்டர் வீட்டிலிருந்து வந்து சொன்னவர், அதே மூச்சில், "பிரெஞ்சு ராணுவத்துல பதினஞ்சு வருஷம் இருந்தவன், நர்சு சொல்லிக் காலைத் தூக்குவேனா?" என்றும் சொல்லிவிட்டார்.

"கலைன்னா தூக்குவாரு, பெரியம்மா" என்று லேயாதான் ரகசியமாக வழி சொன்னாள்.

தூக்கினார். ஆனால் ஒரு நிபந்தனை. "எனக்குப் பின்னாலயே நிழலா ஆன்தோனெத் வரணும். இல்லேன்னா நான் ஆடலை."

தெருமுனைக் கடைக்கே ஆட்டோ கூப்பிடுகிறவள், மனுஷன் நாற்காலியில் விழுந்துவிடக் கூடாதே என்று செருப்பை மாட்டினாள்.

நாற்பது நாள். தவக்காலத்தில்கூட அவள் இப்படித் தவம் இருந்ததில்லை. விளக்குக்கம்பத்தைக் குனிந்து சுற்று, பெஞ்சில் உட்கார்ந்து எழு, படி ஏறு, இறங்கு.

மண்டபத்தூர் மீன்காரம்மா ஒருநாள் கூடையை இறக்கிவைத்தாள். "என்னம்மா தேடுறீங்க? தோடு விழுந்துடுச்சா?"

எத்மோன் மார்பை நிமிர்த்தினார். "பாரீஸ்ல டிக்கெட் வாங்கிப் பாக்குற கலை இது!"

"அப்ப அங்கயே ஆடுறதுதானே?" என்று முணுமுணுத்தது நிழல். ஆனாலும் அவர் கால் ஒவ்வொரு படியில் படும்போதும், "மாதாவே, தாங்கிக்கோ" என்று சொல்லிக்கொண்டேதான் பின்னால் ஏறியது.

அரங்கேற்றத்தன்று நல்ல கூட்டம். கடைசிப் படியில் இருவரும் கடலைப் பார்த்து நின்றதும் கைதட்டல் எழுந்தது. முதல் வரிசையிலிருந்த டாக்டர் தாமரைச்செல்வி மேலேறி வந்து ஆன்தோனெத்தின் கையைப் பிடித்துக்கொண்டார்.

அதற்குள் கீழே யாரோ போட்டோவுக்குக் கூப்பிட, எத்மோன் இரண்டிரண்டு படியாகத் தாவி இறங்கினார்.

ஆன்தோனெத் அலறினாள். "மெதுவாங்க! முட்டி! டாக்டர், நீங்களாவது சொல்லுங்களேன்!"

"முட்டியா? அவரு முட்டிக்கு எங்கிட்ட வந்ததே இல்லையேம்மா" என்றார் டாக்டர். "'என் சம்சாரத்துக்குச் சர்க்கரை முந்நூறைத் தாண்டிடுச்சு, கெஞ்சினாலும் ஓரடி நடக்க மாட்டேங்கிறா, என்ன பண்ணலாம்'னு கேட்டுட்டுப் போனாரு, அவ்வளவுதான்."