காற்று தந்த பழங்கள்

ஊருக்கெல்லாம் மருலாப் பழ ஜாம் கொடுத்தாள் ஹில்மா. வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கும் தைமிக்கு மட்டும் ஒரு கரண்டிகூடக் கிடையாது.

சர்ச்சுக்கு ஒரு பாட்டில், கிளினிக் நர்ஸுக்கு ஒன்று, ஒண்டாங்குவா டவுனிலிருந்து வந்திருந்த நாத்தனார் லொய்தேக்கு ஒன்று.

லொய்தேக்கு மனசு கேட்கவில்லை. "மரமே அவங்களோடதாச்சே அண்ணி?"

"மரம் அவளோடது. பழம் என் மண்ணுல விழுந்தது. விழுந்த மண்ணு யாருதோ அவங்களுக்குத்தான் பழம். இது உனக்குத் தெரியாதா?"

தெரியும். மருலாப் பழத்தை யாரும் பறிப்பதில்லை. தானாக விழுந்ததைத்தான் பொறுக்குவார்கள். தைமியின் மரத்தில் ஒரே ஒரு கிளை வேலி தாண்டி வந்திருந்தது.

போன வருஷம் தைமியின் ஆடுகள் ஹில்மாவின் கம்புக் கொல்லையில் புகுந்துவிட்டன. ஊர்த்தலைவர் முன்னாலேயே, "இனி உன் கையால பச்சத் தண்ணிகூட வாங்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு வந்தவள் ஹில்மா. அன்றோடு பேச்சு நின்றது.

அடுப்பில் கடைசிச் சட்டி கொதித்துக்கொண்டிருந்தது. பழங்களைத் தோலோடு வேகவைத்து, துணியில் வடித்து, சர்க்கரையும் எலுமிச்சைச் சாறும் சேர்த்துக் கிளறினால் போதும். வேறு எந்தப் பொடியும் வேண்டாம், மருலா தானாகவே இறுகும். ஹில்மா ஒரு சொட்டைக் குளிர்ந்த தட்டில் விட்டு விரலால் தள்ளினாள். சுருக்கம் விழுந்தது. இறக்கினாள்.

வாசலில் மகள் துயேனி கம்பங்கூழின் மேல் ஜாம் ஊற்றி நக்கிக்கொண்டிருந்தாள். மலேரியா வந்து ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியபோது எலும்பும் தோலுமாக இருந்தாள். எதைக் கொடுத்தாலும் துப்பினாள். "இப்படியே சாப்பிடாம இருந்தா மறுபடி கொண்டு வரணும்" என்று நர்ஸ் எச்சரித்திருந்தாள். வேலியோரம் கிடந்த நாலைந்து பழங்களைக் காய்ச்சிக் கொடுத்ததும்தான் முதல்முறையாக, "இன்னும் குடும்மா" என்று ஊர் கேட்க அழுதாள்.

"அதுக்கப்புறம் ஒரு நாள் தவறல லொய்தே. காலையில எந்திரிச்சா வேலியோரம் பழம். ராத்திரி காத்துக்கு விழுந்து கிடக்கும். ஆண்டவன்தான் காத்தா வந்து எம்புள்ளயக் காப்பாத்துனான்."

லொய்தே கூடையிலிருந்து ஒரு பழத்தை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள்.

"இது எப்ப விழுந்துச்சு?"

"நேத்து ராத்திரி."

"நாள்பட்டுக் கிடந்ததா இருக்கும்."

"சாயங்காலம் சாயங்காலம் கூட்டிப் பெருக்குற முற்றம். ஒரு இலைகூடக் கிடக்காது."

"அப்ப எப்படி அண்ணி இவ்வளவு மஞ்சளா இருக்கு?"

பாட்டிலில் ஜாம் ஊற்றிக்கொண்டிருந்த ஹில்மாவின் கரண்டி நின்றது.

மருலா மரத்தில் பழுக்காது. பச்சையாக விழும், மண்ணில் சில நாள் கிடந்துதான் மஞ்சளாகும். இந்த ஊர்க் குழந்தைக்கும் தெரிந்த விஷயம். பிள்ளையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தவள் பழத்தின் நிறத்தைப் பார்க்கவில்லை.

இருப்பதிலேயே பெரிய பாட்டிலை நிரப்பி, துடைத்து எடுத்துக்கொண்டு வேலிக்குப் போனாள்.

அந்தப் பக்கம் தைமி மரத்தடியில் குனிந்து பொறுக்கிக்கொண்டிருந்தாள். அவள் காலடியில் கிடந்தவை எல்லாம் பச்சை. ஒரு மஞ்சள் பழம்கூட இல்லை.

"மேமே தைமி," என்று மரியாதையாகக் கூப்பிட்டாள் ஹில்மா.

தைமி பாட்டிலை ஓரக்கண்ணால் பார்த்தாளே தவிர நிமிரவில்லை. "எனக்கென்ன தெரியும்? காத்து எந்தப் பக்கம் அடிக்குதோ அந்தப் பக்கம் விழுது. நன்றி சொல்றதா இருந்தா காத்துக்கே போய்ச் சொல்லு."

ஹில்மா இன்னும் சூடு ஆறாத பாட்டிலைக் கம்பி வேலிக்கு மேலே நீட்டினாள்.

"காத்துக்குத்தான் மேமே கொண்டாந்திருக்கேன்."