இந்த வருஷத்து ஓட்டை

ஒரகடம் படகுக் கம்பெனியின் முற்றத்தில், காலை வெயிலில், சூப்பர்வைசர் ராஜசேகர் ஒரு பிளைவுட் பலகையை நிமிர்த்திப் பிடித்திருக்கிறார். அதன் நடுவே ஓர் ஓட்டை. புது மாடல் சொகுசுப் படகில், கட்டிலுக்கு அடியில் ரெசின் பசை பூசப் போகிறவன் நுழைய வேண்டிய வாசல் அந்த அளவுதான். வாங்குகிறவர்கள் கால் நீட்டிப் படுக்க வருஷா வருஷம் கட்டில் அகலமாகிறது, ஓட்டை சுருங்குகிறது. பழைய மாடல்களின் பலகைகள் சுவரில் சாய்ந்து கிடக்கின்றன. அவற்றில் சுலபமாகப் புகுந்து வந்த இசக்கிபாண்டி, இந்தப் பலகையில் தோளோடு சிக்கி நிற்கிறான். "இன்னாடா, கல்யாணம் பண்ணிக்கினு ஊதிட்ட?" "ஊதல சார், ஓட்டதான் சின்னதாயிட்டு. இன்னொரு மட்டம் பாக்கேன்." மூச்சை வெளியே விட்டு நெஞ்சைச் சுருக்குகிறான். ரெசின் வாடை ஏறிப்போன நெஞ்சு இருமுகிறது. பலகையும் சேர்ந்து குலுங்குகிறது. சுற்றி நிற்பவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார்கள். "வெளிய வா. இந்த வேல உனக்கு இல்ல. கேட்டாண்ட போய் நில்லு," என்கிற ராஜசேகரின் கண், முற்றம் பெருக்கும் செல்வலட்சுமி மேல் விழுகிறது. அவள் இசக்கிபாண்டியின் மனைவி. "ஏம்மா, நீ வா." அவள் புருஷனைப் பார்க்கிறாள். அவன் தரையைப் பார்க்கிறான். துடைப்பத்தைச் சாய்த்துவிட்டு அவள் நுழைகிறாள். பலகை அவள் மேல் படவேயில்லை. கை தட்டுகிறார்கள். "உன் மாஸ்க்க அவளாண்ட குடுத்துட்டுப் போ," என்கிறார் ராஜசேகர் இசக்கிபாண்டியிடம். ரெசின் பட்டு விறைத்த மாஸ்க்கைத் தொடையில் தட்டி, அவனே அவள் காதில் மாட்டிவிடுகிறான். "உள்ள வச்சு இருமிராத பிள்ள," என்கிறான் மெதுவாக. "மாட்டிக்கிடுவ."