மாப்பிள்ளை கேட்ட வண்டி

“கியர நாம போடக் கூடாதும்மா, அதுவா மாறிக்கணும். லிட்டருக்கு இருபது கிலோமீட்டராவது ஓடணும். பாக்க ஒசரமா இருக்கணும். ஆனா சின்னத் தெருவுலயும் திரும்பணும்.”

பாடம் ஒப்பிக்கும் பிள்ளையைப்போல் ஒரே மூச்சில் சொல்லி முடித்தார் நேமிசந்திரன்.

விழுப்புரத்துக் கார் விற்பனைக்கூடத்தில் வேலை பார்க்கும் கலைப்பிரியாவுக்குச் சிரிப்பு வந்தது. செஞ்சிப் பக்கத்துச் சமண விவசாயி அவர். வந்து அரைமணி ஆகியும் அவரோ அவர் மனைவி ராஜமதியோ எந்த வண்டியின் கதவையும் தொட்டுப் பார்க்கவில்லை.

“ஓட்டப் போறது யாரு சார், நீங்களா?”

“எனக்கு எதுக்கும்மா? எங்க மாப்பிள்ளைக்கு. திண்டிவனத்துல இருக்காரு.”

கலைப்பிரியாவின் சிரிப்பு அடங்கிற்று. சீர் வண்டிகள் எத்தனையோ விற்றவள்தான். ஆனாலும் ஒவ்வொரு முறையும் அவளுக்கு ஆத்திரம் வரும். அதை மறைத்துக்கொண்டு, வெள்ளை நிற வண்டி ஒன்றன் அருகே அவர்களை அழைத்துச் சென்றாள்.

“எங்க கம்பெனி பேரச் சொன்னாலே முன்னல்லாம் சிரிப்பாங்க சார். இப்ப இந்த வண்டிக்கு மாசக்கணக்குல காத்துக்கினு இருக்காங்க.”

“தெரியாதா என்ன? கல்யாணத்துக்கு நாங்க குடுத்ததும் இதே கம்பெனி வண்டிதான்” என்றாள் ராஜமதி. “தகர டப்பான்னு சொல்லி மாப்பிள்ளை ஊடே சிரிச்சுது. எங்க பொண்ணு பேரே அந்த ஊட்டுல தகர டப்பான்னு ஆயிடுச்சு.”

“இப்ப மட்டும் புடிக்குமாமா?”

“இப்பத்தான் ஊரே வாங்குதே! அவரே வாயத் தொறந்து இதத்தான் கேட்டாரு. தோல் சீட்டு வேற வேணுமாம். உசுரக் கொல்லாத நயினார் ஊட்டுல பொறந்தவரு தோல் கேக்குறதப் பாரும்மா!”

“இது நெஜத் தோல் இல்லீங்கம்மா. பாக்கத்தான் தோல் மாதிரி.”

“அந்த மட்டும் புண்ணியம்.”

நேமிசந்திரன் தயங்கித் தயங்கி, “பெட்ரோல் கம்மியாத்தானே குடிக்கும்? அத மட்டும் திருப்பித் திருப்பிச் சொன்னாரு” என்றார்.

“பெட்ரோலையும் காலத்துக்கும் நீங்களே ஊத்துறதாச் சொல்லிடுங்க சார், ஆசை தீரட்டும்” என்று சொல்லிவிட்டு, சொன்ன பிறகே கலைப்பிரியா நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

அவர் கோபிக்கவில்லை.

“வண்டி அவருக்குப் புடிக்கணும்மா. புடிச்சாத்தான் அனுப்பி வைப்பாரு. எப்படியாவது எங்க ஊட்டுக்குக் கூட்டிக்கினு வந்துடணும்னுதான் நெலத்தையே வித்தோம்.”

“அனுப்பி வைக்கறதுக்கு ஒரு வண்டியா? என்ன சார் அநியாயம் இது! போலீசு இல்லியா, கோர்ட்டு இல்லியா?”

“கேட்டுப் பாத்தோம்மா. கேஸ் போட்டா வருஷக்கணக்குல இழுக்கும்னாங்க. அதுக்குள்ள எங்க மொகமே மறந்து பூடும்.”

பெற்றவர் முகத்தை எந்தப் பெண் மறப்பாள்? பெரியவர் துயரத்தில் ஏதோ பேசுகிறார் என்றே கலைப்பிரியா நினைத்தாள். முன்பணத்துக்கு ரசீது எழுதப் போனாள்.

வண்டி வந்துசேர்ந்த அன்று பூமாலையும் வேண்டாம், புகைப்படமும் வேண்டாம் என்றுவிட்டார் நேமிசந்திரன். ஓட்டத் தெரிந்தவர் அவர் பக்கத்தில் ஒருவரும் இல்லாததால், கலைப்பிரியாவே அவர்கள் இருவரையும் ஏற்றிக்கொண்டு திண்டிவனத்துக்குப் புறப்பட்டாள்.

விக்கிரவாண்டிச் சுங்கச்சாவடி தாண்டிக் கூட்டேரிப்பட்டு வந்ததும், “கொஞ்சம் நிறுத்தும்மா” என்றாள் ராஜமதி. இறங்கிப்போய், முகப்பில் படிந்திருந்த புழுதியைத் தன் முந்தானையால் சுற்றிச் சுற்றித் துடைத்தாள்.

“கடையிலதான் தொடச்சுக் குடுத்தோமேம்மா!”

“இருக்கட்டும். அழுக்கா இருக்குதுன்னு திருப்பி அனுப்பிட்டாருன்னா?”

திண்டிவனத்து வீட்டு வாசலில் ஆட்கள் பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

“வளைகாப்பாம்மா?” என்று கலைப்பிரியா காதோடு கேட்டாள். ராஜமதி வேறு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மாப்பிள்ளை சாந்தனு வெளியே வந்தான். வாருங்கள் என்று ஒரு வார்த்தை இல்லை. நேரே வண்டியிடம் போனான். இருக்கையை அழுத்திப் பார்த்தான். கதவை இரண்டு முறை அறைந்து சாத்தினான். பிறகு ஏறித் தெருவை ஒரு சுற்றுச் சுற்றிவரப் போனான். அவன் திரும்பும்வரை மாமனாரும் மாமியாரும் வெயிலிலேயே நின்றார்கள். ராஜமதியின் உதடுகள் ஏதோ வேண்டுதலை முணுமுணுத்துக்கொண்டிருந்தன.

வண்டி வந்து நின்றது.

“பரவால்ல மாமா. சொன்ன மாதிரியே வாங்கிக்கினு வந்துட்டீங்க.”

சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, வீட்டைப் பார்த்துக் குரல் கொடுத்தான்: “ஜல்தி கூட்டிக்கினு வாங்க!”

உள்ளேயிருந்து, மழலை மாறாத பெண் குழந்தை ஒன்று துணிப்பையை இழுத்துக்கொண்டு வந்தது. ராஜமதி ஓடிப்போய் அதை வாரி இடுப்பில் வைத்துக்கொண்டாள். நேமிசந்திரன் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு, “பஸ்ஸுக்கு நேரமாயிடுச்சு, வா போலாம்” என்று மனைவியை அழைத்தார்.

கலைப்பிரியா பதறிப்போனாள். “இருங்க சார், உங்க பொண்ணு இன்னும் வரலியே!”

“அவ செத்து ஒரு வருஷம் ஆவுதும்மா, இந்தப் பந்தல் மாப்பிள்ளையோட ரெண்டாங் கல்யாணத்துக்கு” என்றார் நேமிசந்திரன். “வண்டி அவருக்கு, பேத்தி எங்களுக்குன்னு பேச்சு.”