கிழங்குத் தொட்டியில் விழுந்த போன்

அரிசி மூட்டைக்குள்ளிருந்து போனை எடுத்துத் தட்டியதும் சார்ஜர் ஓட்டையிலிருந்து இரண்டு அரிசி விழுந்தன.

"ரெண்டு நாள் ஊறப் போட்டாச்சு. இனி சோறாக்கலாம் அக்கா" என்றான் நபாட்.

லெய்மாராவுக்குச் சிரிப்பு வரவில்லை.

வெள்ளிக்கிழமை, ஆஸ்திரேலியாவின் பண்டபெர்க் பண்ணையில் சர்க்கரைவள்ளிக் கிழங்கு கழுவக் குனிந்தபோது, சட்டைப்பையிலிருந்த போன் தொட்டிக்குள் விழுந்தது. அப்போதிருந்து திரை கறுப்புதான். இன்று ஞாயிறு. இரண்டு மணிக்கு மகன் கூப்பிடுவான்.

வனுவாட்டுவில் அவளுடைய தீவில் சிக்னல் வேண்டுமென்றால் மலை ஏற வேண்டும். ஏழு வயது கால்சாவ் தன் மாமாவோடு ஒரு மணி நேரம் ஏறி வருவான். போன ஞாயிறு இவளுக்கு ஓவர்டைம். அழைப்பை எடுக்கவில்லை. இருட்டும்வரை பையன் பாறையை விட்டு எழவே இல்லையாம்.

"இன்னைக்கும் நான் வரலன்னா, இனிமே மலை ஏற மாட்டான் தம்பி."

மற்றவர்கள் எல்லாரும் வேனில் டவுனுக்குப் போய்விட்டார்கள். விடுதியில் மிச்சமிருந்தது இவர்கள் இருவரும் நபாட்டின் பட்டன் போனும்தான்.

நபாட்டும் வனுவாட்டுதான், ஆனால் டன்னா என்ற வேறு தீவுக்காரன். பண்ணை வேலைக் குழுவில் சேர்ந்து பத்து நாள்தான் ஆகிறது. ஊரில் போன் ரிப்பேர் பார்த்தவன் என்று தன்னைப் பற்றி அவனே சொல்லிக்கொண்டான்.

டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துத் திரையைப் பார்த்தான். மங்கலாகக்கூட ஒன்றும் தெரியவில்லை. தன் போனிலிருந்து கூப்பிட்டான். கறுப்புப் போன் மேசைமேல் அதிர்ந்து, மணியடித்தது. குத்துமதிப்பாக விரலைக் கீழிருந்து மேலே இழுத்தான். மணி நின்று, அவன் குரலே அதில் கேட்டது.

"உசுரு இருக்கு. தொட்டாலும் தெரியுது. திரைதான் போச்சு."

புதுத் திரை தபாலில் வர ஒரு வாரம் ஆகும். அவன் தன் போனை நீட்டினான்.

"சிம்மை இதுல மாத்தித் தர்றேன். ஆசை தீரப் பேசு."

அவள் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

நபாட்டுக்குச் சுருக்கென்றது. வேலை மெனக்கெட்டுப் பார்த்துக் கொடுத்தால் இவ்வளவுதான் மரியாதை. அவளைப் பார்த்தான். காலையில் சர்ச்சுக்குப் போட்ட சரிகைக் கவுன், சீவிய தலை, காதில் பூ.

"பிள்ளைக்கு அம்மா குரல் போதாதா? அலங்காரமும் காட்டணுமா?"

அவள் கவுன் நுனியால் முன்பக்கக் கேமராவைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

மணி இரண்டைத் தாண்டிச் சில நிமிடங்களில் போன் அதிர்ந்தது. அவள், அவன் காட்டிய மாதிரியே விரலை மேலே இழுத்தாள்.

"உன் மூஞ்சி நல்லாத் தெரியுதுக்கா. நாங்க தெரியறோமா?" மலையிலிருந்து அவள் தம்பியின் குரல்.

"தெரியல. பரவால்ல. போனைப் பையன்கிட்ட குடு."

தன் போனை நபாட்டின் கையில் திணித்தாள். திரை தன்னைப் பார்க்கும்படி பிடிக்கச் சொல்லிவிட்டு, மூன்றடி பின்னால் போய் நின்றாள். இரண்டு கைகளையும் தூக்கினாள்.

விரல்கள் பேச ஆரம்பித்தன. நெஞ்சைத் தொட்டன, கன்னத்தைத் தொட்டன, எதையோ கழுவின, எதையோ தொட்டிக்குள் போட்டன. வாயிலிருந்து ஒரு வார்த்தை வரவில்லை.

நபாட்டுக்கு முகம் சுட்டது. தலையைக் குனிந்துகொண்டான். போனைப் பிடித்த கையை மட்டும் அசைக்கவில்லை.

அவள் நிறுத்தினாள். எதிரே இருப்பது வெறும் கறுப்பு. பார்த்தானா, புரிந்ததா, கோபம் போனதா, ஒன்றும் தெரியாமல் நின்றாள்.

போனுக்குள்ளிருந்து ஒரு சிரிப்பு வெடித்தது. தன் சிரிப்பைத் தான் கேட்டறியாத பிள்ளையின் சிரிப்பு. அளவில்லாமல், அந்த அறை முழுக்கக் கேட்டது.

"நீ குண்டாயிட்டியாம்க்கா" என்றான் தம்பி. "கைய விரிச்சுக் காட்டுறான்."

லெய்மாரா தன் கைகளை, சுவரில் இடிக்கும்வரை அகலமாக விரித்துக் காட்டினாள்.