வாசல் துஆ

"மனுஷனுக்கு ஆபத்து வர்றதே முன்யோசனை இல்லாததாலதான். எனக்கு முன்யோசனை இருக்கு. ஆகவே, எனக்கு ஆபத்து கிடையாது" என்று தீர்ப்பு வாசிப்பதுபோல் அறிவித்தான் அண்ணன்.

வாசலில் செருப்பை மாட்டியபடி தங்கை முணுமுணுத்துக்கொண்டிருந்த, வெளியே கிளம்புமுன் இறைவனிடம் கேட்கும் துஆ பாதியில் நின்றது.

"ஓதும்போது குறுக்கே பேசாதண்ணே."

"ஊரெல்லாம் சிசிடிவி கேமரா மாட்டுறவன் நான். பாதுகாப்பைப் பத்தி எனக்கா சொல்ற?"

"உன் கேமரா திருடனைத் தடுக்குமா?"

"பதிவு பண்ணும்" என்றான், கொஞ்சமும் சிரிக்காமல்.

பல் மருத்துவக் கல்லூரியில் அன்று அவளுக்குச் செய்முறைத் தேர்வு. தேர்வாளர் கண்ணெதிரே ஒரு பல்லைப் பிடுங்கிக் காட்ட வேண்டும். போன முறை கை நடுங்கிக் கோட்டைவிட்டிருந்தாள். இன்றும் விட்டால் ஒரு வருடம் வீண். நல்லவேளை, பல்லுக்கு எங்கும் அலைய வேண்டியிருக்கவில்லை. அண்ணனின் சொத்தைக் கடவாய்ப்பல் வீட்டிலேயே தயாராக இருந்தது.

சிக்னலில் பைக் நின்றதும் பின்னாலிருந்து மறுபடி, "அல்லாஹும்ம இன்னீ அஊது பிக..."

"பாதுகாப்பா தேடுற? தேடு, தேடு. குறடு உன் கையில, பல்லு என் வாயில. குத்து வாங்கப் போறவன் கல்லு மாதிரி உக்காந்திருக்கேன், குத்தப் போறவ துஆ ஓதுறா. நியாயம்னு ஒண்ணு வேணாமா தாயே?"

துஆ மறுபடியும் அறுந்தது.

தேர்வு அறையில் நாற்காலி சாய்ந்தது. விளக்கு முகத்தில் அடித்தது. தேர்வாளர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். முகக்கவசத்துக்குள் அவள் உதடு அசைவது தெரிந்ததும், "ஆரம்பிச்சுட்டாப்பா" என்று சொல்ல அண்ணன் வாயைத் திறந்தான்.

திறந்த வாயில் பஞ்சு வந்து உட்கார்ந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக, இன்னொருவர் முழுசாகச் சொல்லி முடிக்கும்வரை அவன் சும்மா கிடந்தான்.

ஊசி இறங்கியது. தாடை மரத்தது. குறடு பல்லைக் கவ்வியது. கை நடுங்கவில்லை. இப்படி ஓர் அசைவு, அப்படி ஓர் அசைவு. பல் தட்டில் 'டங்'கென்று விழுந்தது.

தேர்வாளர் அதை விளக்கருகே பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "வேர் நுனிகூட உடையல. பாஸ் பண்ணிட்டீங்க, டாக்டர்."

வெளியே வந்ததும் கோணிய வாயோடு அண்ணன் ஆரம்பித்தான். "பல்லு போனது எனக்கு. பாதுகாப்பு கிடைச்சது உனக்கு. நல்ல துஆ."

"அதுக்கு அர்த்தம் தெரியுமாண்ணே? நான் சறுக்கிடாம, யாரும் எனக்கு அநியாயம் பண்ணாம, நானும் யாருக்கும் பண்ணிடாம காப்பாத்துன்னு கேக்குறது. காலையிலேர்ந்து உன் தாடைக்காகத்தான் கேட்டுக்கிட்டிருந்தேன். ரெண்டு தடவை பாதியில நிறுத்தினது நீதான்."

அண்ணன் பைக்கில் ஏறினான். டாக்டர் பின்னால் உட்கார்ந்தாள். எதிரே சாலையில் லாரிகள் ஓடிக்கொண்டிருந்தன. வண்டி கிளம்பவில்லை.

"ஏண்ணே, ஸ்டார்ட் ஆகலையா?"

எட்டிப் பார்த்தாள். பக்கக் கண்ணாடியில், பாதி மரத்துப்போன அவன் உதடுகள் சத்தமில்லாமல் அசைந்துகொண்டிருந்தன.