அரிசிக்கடை

"என்னங்க, ஸ்கிரீனை ஆஃப் பண்ணிட்டுத் தொடைங்க. அதுக்குப் போய் இவ்ளோ தண்ணியா?" என்றாள் வாசலிலிருந்து கோமதி.

"வண்டியைப் பத்தி எனக்கே பாடமா? உள்ள போய் வேலையைப் பாருடி."

கார்க் கதவைச் சாத்திக்கொண்டு, சொட்டச் சொட்ட ஈரத்துணியால் தொடுதிரையை அழுத்தித் துடைத்தார் தணிகாசலம். கை எங்கே பட்டதோ, காரோடு ப்ளூடூத்தில் இணைந்திருந்த, சீட்டில் கோமதி மறந்து வைத்திருந்த போனிலிருந்து யாருக்கோ அழைப்பு போய்விட்டது. திரையில் 'அரிசிக்கடை' என்று பெயர் வந்தது. அதை நிறுத்துவதற்குள் கார் முழுக்க ஒரு குரல் நிறைந்தது.

"அம்மா, அப்பா வெளிய போயிட்டாரா? பாப்பா இன்னிக்குத் தானாவே குப்புறப் படுத்துட்டாம்மா!"

சொல்லாமல் கல்யாணம் செய்துகொண்ட அன்றே அவர் தலைமுழுகிவிட்ட மகளின் குரல். பாப்பாவா?

"ஏம்மா பேச மாட்டேங்கிற? பக்கத்துல இருக்காரா? சரி, நீ பேசாத. இவ பேசறதை மட்டும் கேளு."

"ங்கா" என்றது குழந்தை.

திரையின் மேல்விளிம்பில் தேங்கியிருந்த தண்ணீர் ஒரு துளியாகத் திரண்டு, அழைப்பைத் துண்டிக்கும் சிவப்பு வட்டத்தை நோக்கி இறங்கத் தொடங்கியது. துடைக்கப் போனால் விரல் பட்டுவிடும். விட்டால் துளியே பட்டுவிடும். துணியை ஏந்திய கை அந்தரத்தில் நிற்க, தணிகாசலம் மூச்சைப் பிடித்துக்கொண்டு அந்தத் துளியையே பார்த்திருந்தார்.