சும்மா விட்ட நாலு தட்டு

ஒரு குளத்தங்கரையில் கரகரப்பான் என்ற தவளை 'பேரிடி' என்று ஒரு த்ராஷ் மெட்டல் பேண்ட், அதாவது காது கிழியும் பாட்டுக் குழு, ஆரம்பித்தது. கிட்டாருக்குச் சில்வண்டு, டிரம்ஸுக்கு மரங்கொத்தி, தொண்டை கிழியக் கத்துவதற்குத் தவளை. கரையே கிடுகிடுத்தது. அப்புறம் மழை பொய்த்தது, குளம் வற்றியது. தவளை ஈரம் தேடி மண்ணுக்குள் போய்ச் சுருண்டு தூங்கிவிட்டது.

மூன்று வருஷம் கழித்து, முதல் தூறலில் கண் விழித்தால் மேலே தடதட, கிறீச் கிறீச். அதே பாட்டு. சேற்றை உதறிக்கொண்டு தாவி வந்து பார்த்தது. கிட்டாரில் ஏதோ வெட்டுக்கிளி, டிரம்ஸில் ஏதோ நண்டு. கூட்டம் கரை கொள்ளவில்லை. 'நம்ம இடம் போச்சு' என்று நினைத்துக்கொண்டது தவளை.

பக்கத்தில் ஓர் ஓணான் விடாமல் தலையாட்டிக்கொண்டிருந்தது.

"பாடுறது யாருப்பா?" என்றது தவளை.

"பாட ஆளே கிடையாதுண்ணே. பேண்ட்ல எத்தனையோ பேர் வந்தாங்க, போனாங்க. பாட மட்டும் யாரையும் சேர்க்கல. பாட்டுல பாட வேண்டிய இடம் வந்தா, நாலு தட்டுத் தாளம் சும்மா விட்டுருவாங்க. ஏன்னு கேட்டா, முன்னாடி வாசிச்சவங்க அப்படித்தான் சொல்லிக் கொடுத்தாங்கன்றாங்க."

பாட்டு அந்த இடத்துக்கு வந்தது. வெட்டுக்கிளி நிறுத்தியது. நண்டு கொடுக்கைத் தூக்கிப் பிடித்தது. குளம் முழுக்கத் தூறல் மட்டும் கேட்டது.

கரகரப்பான் நின்ற இடத்திலேயே வாயைத் திறந்தது. "க்ர்ர்ராக்."

சரியாக நாலு தட்டு நீளம். நண்டு பக்கவாட்டில் ஓர் எட்டு நகர்ந்து, நடுவில் இடம் விட்டது.